வேலைக்கு நடுவே வாசிப்பவர்

பொறியியல் முதலாண்டில் ஆங்கிலத் தாள் எழுதிய யாருக்கும் 'எட்டு அறிவுறுத்தல்கள்' நினைவிருக்கும். தீ விபத்தைத் தவிர்க்க எட்டு, ஆய்வகத்தில் கடைப்பிடிக்க எட்டு, இண்டஸ்ட்ரியல் விசிட் கிளம்பும்முன் சரிபார்க்க எட்டு. ஏழு எழுதினால் மதிப்பெண் குறையுமே என்று எட்டாவதாக எதையாவது இட்டு நிரப்புவோம். 'பதற்றப்பட வேண்டாம்' என்பதுதான் பெரும்பாலும் அந்த எட்டாவது. விடுதியில் கவிதை படித்துக் கிறங்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் மருந்து அட்டையையும் மிக்ஸியோடு வரும் கையேட்டையும் படித்து 'ஆகா' சொல்லும் ரகம். தொழில்நுட்ப எழுத்து என்று பாடத்திட்டம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். சரக்கு அப்படியில்லை.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் தூள். அதில் குளுக்கோஸ் 13.5, சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, மிச்சம் 2.9 கிராம் சிட்ரேட். குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியமும் கூடவே போகிறது, அதன் பின்னால் தண்ணீர் போகிறது. 1971-ல் அகதிகள் நிரம்பிய மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே இந்தக் கரைசலைக் கொடுத்து ஊட்டச் சொல்லி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். இத்தனை அறிவியலும் வரலாறும் இருக்க, பொட்டலத்தின் முதுகில் என்ன இருக்கிறது? முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்கவும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும். மீதியைக் கொட்டிவிடவும். அவ்வளவுதான். குளுக்கோஸும் சோடியமும் குடலுக்குள் எப்படிக் கைகோக்கின்றன என்று ஒரு வரி கிடையாது. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடத் துடிக்கும் கை அந்த இடத்தில் அடங்கியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஒற்றைக் கையால் பொட்டலத்தைப் பிரிக்கிற தாய்க்கு எது வேண்டுமோ அது மட்டும்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். நம் மருந்துக் கடைகளில் ஒரு லிட்டர் பொட்டலமும் கிடைக்கிறது, 200 மில்லி பொட்டலமும் கிடைக்கிறது. பெரியதைப் பிரித்து ஒரு டம்ளர் நீரில் கலக்கினால் உப்பு மிஞ்சி, குழந்தைக்கு மருந்தே வினையாகிவிடும். அப்படியானால் அட்டையில் பெரிதாக இருக்க வேண்டியது எவ்வளவு தண்ணீர் என்பதுதான். நான் பார்த்த பல பொட்டலங்களில் ஆரஞ்சுப் பழப் படம் அதைவிடப் பெரியது.

இந்தக் கலையை ஆக இறுக்கமாகப் பழகியவர்கள் விமானத் தொழிலில் இருக்கிறார்கள். பராமரிப்புக் கையேட்டைப் படிக்கிற மெக்கானிக்குகளில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஐரோப்பிய விமான நிறுவனங்கள் இதைச் சொல்லி முறையிட்டதன் விளைவாக, எளிமையாக்கிய ஆங்கிலத்துக்கான வழிகாட்டி ஒன்று 1986-ல் வந்தது. இன்று அது ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் இருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரே வேலை. கருவிகள், உதிரி பாகங்களின் பெயர்கள் நீங்கலாக அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் சுமார் 900. எச்சரிக்கை என்றால் அந்த வேலையைச் சொல்வதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் உள்ளே அழுத்தம் இருக்கும் ஜாக்கிரதை என்றால், அந்த வரியைப் படிக்கும் நேரத்தில் மூடி திறந்தாகிவிட்டது.

தமிழில் 20 சொல் என்பது பெரிய அளவு. வேற்றுமை உருபும் காலமும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதால் நமக்குப் பத்து, பன்னிரண்டே தாராளம். இன்னொரு வசதியும் உண்டு. 'சிவப்பு விளக்கு எரிந்தால் சுவிட்சை அணைக்கவும்' என்று நிபந்தனையை முன்னே சொல்வதே நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதை நினைவு வைத்துக்கொண்டு முன்னால் இழுத்துவர வேண்டியிருக்கிறது. ஆனால் தமிழில் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது: மறுப்பு வாக்கியத்தின் வாலில்தான் வந்து சேரும். 'குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்' என்ற வரியில் கடைசிச் சொல் மடிப்பில் அழிந்திருந்தால் என்ன ஆகும்? நம் மருந்து அட்டைகளில் காலங்காலமாக இருப்பது 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பது. மறுப்பை இரண்டாவது சொல்லுக்குள் நகர்த்தி, முடிவில் செய்ய வேண்டிய காரியத்தை வைத்தவர் யாரோ தெரியாது. வரி பாதியில் கிழிந்தாலும் அர்த்தம் கவிழாது. நல்ல வெண்பாவின் ஈற்றடிக்கு நாம் கொடுக்கிற மரியாதையை இந்த வரிக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

நடை பற்றி நமக்கு 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் பாடம் எடுத்துவிட்டார். நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களைப் புராஜெக்ட் அறிக்கைகளோடு பொருத்திப் பார்த்தால் சிரிப்பு வரும். முன்னுரை பதினைந்து பக்கம், முடிவு அரைப் பக்கம் என்றால் அது சென்றுதேய்ந்திறுதல். தலைப்பை விட்டுவிட்டு இன்டர்நெட்டின் வரலாற்றுக்குப் போனால் மற்றொன்று விரித்தல். ஒரு இடத்தில் மட்டும் நான் முனிவரோடு மோத வேண்டியிருக்கிறது. கூறியது கூறல் குற்றம் என்கிறார். ஆங்கிலக் கவி சாஸர் 1391 வாக்கில் அஸ்ட்ரோலேப் என்ற வான்கருவியைப் பயன்படுத்தும் முறையைப் பத்து வயதுச் சிறுவன் லூயிஸுக்காக எழுதினார். லத்தீன் அவனுக்கு இன்னும் அதிகம் வராது என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவன் மறப்பதைவிட நல்ல விஷயத்தை இரண்டு தரம் எழுதுவது மேல் என்றும் சொல்லிவைத்தார். எனக்கு சாஸர் பக்கம்தான் சாய்வு. முதல் பக்கத்தில் வால்வு என்று சொன்னதை ஐந்தாம் பக்கத்தில் அடைப்பான் என்றும் ஏழாம் பக்கத்தில் திறப்பி என்றும் அழகுக்காக மாற்றினால், படிப்பவர் மூன்று பொருள்களைத் தேடுவார். பள்ளிக் கட்டுரையில் பாராட்டு வாங்கித் தந்த பழக்கத்தை இங்கே மறக்க வேண்டியிருக்கிறது.

கையேட்டிலிருந்து அலுவலகக் கடிதத்துக்கு வந்தால் விவகாரம் முற்றுகிறது. தொழில்முறை எழுத்தைப் பயில்கிறவர்கள் தவறாமல் படிக்கும் குறிப்புகள் சில உண்டு. 1977 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஓஹாயோவில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருக்க, தானாக இயங்கத் தொடங்கிய அவசர நீரூட்டலை ஊழியர்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். உலை அப்போது 9 சதவீதத் திறனில்தான் ஓடியது. பிழைத்தது. உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் கெல்லி, நவம்பரில் சக அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வாடிக்கையாளருக்கான வழிகாட்டுதல் பற்றியது என்று தலைப்பு. நாம் என்ன வழிகாட்டுதல் தரலாம் என்று யோசிக்கிறேன், உங்கள் கருத்தைச் சொன்னால் நல்லது என்ற தொனி. நயமான கடிதம். அந்த நயத்துக்குள் ஆபத்து காணாமல் போனது. தலைப்பை மட்டும் பார்ப்பவர் இதை அடுத்த வாரம் படித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

1978 பிப்ரவரியில் டன் என்ற இன்னொரு பொறியாளர் எழுதியது வேறு ரகம். எடுத்த எடுப்பிலேயே இது எங்கள் பிரிவின் தீவிரக் கவலை என்று போட்டு உடைத்தார். இதே சம்பவம் முழுத் திறனில் நடந்திருந்தால் உலையின் மையம் நீரிழந்து எரிபொருள் சேதமாகியிருக்க வாய்ப்பு உண்டு என்று கணக்கையும் வைத்தார். எழுத்தாக அதில் நான் பெரிதாகக் குறை காண மாட்டேன். ஆனாலும் இன்னொரு பிரிவு ஒரு சந்தேகம் கேட்டது, அதற்குப் பதில் தாமதமானது, மின்நிலையங்களுக்குப் போக வேண்டிய அறிவுறுத்தல் போகவில்லை. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில், அதே நிறுவனம் வடிவமைத்த உலையில், அதே போன்ற வால்வு சிக்கியது. அதே போல நீரூட்டல் குறைக்கப்பட்டது. உலை மையத்தின் பாதியளவு உருகியது. விபத்தை விசாரிக்க அமைந்த கெமனி குழு இந்தக் குறிப்புகளை வெளியே கொண்டுவந்தது. நல்ல தமிழ், நல்ல ஆங்கிலம் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்குச் சொல்பவர்களிடம் டன்னின் குறிப்பைக் காட்டத் தோன்றுகிறது. அவர் எழுத்தில் தெளிவு இருந்தது. இன்னார், இந்தத் தேதிக்குள், இதைச் செய்ய வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் யார் தலையிலும் போய் உட்காரவில்லை. இப்போது மின்னஞ்சலில் பத்துப் பேரை நகலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோமே, அதே நோய்தான்.

படிக்கத் தெரியாதவருக்கு எழுதுவது இதைவிடக் கடினம். பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அதற்கு அளவுகூடச் சொல்கின்றன: லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் தரம் இறங்குகிறது. கடும் நஞ்சென்றால் மேல்பாதியில் மண்டையோடு. எழுத்தே தெரியாத கூலியாளும் சிவப்பைக் கண்டால் தள்ளி நிற்பார். அதே டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாள் வேறு கதை. எறும்பளவு எழுத்தில், பல மொழிகளில், போர்வை அளவுக்கு விரிகிறது. வயல் வரப்பில் காற்றடிக்கும்போது அதை விரித்துப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் வீட்டு மிக்ஸியின் கையேட்டில், மோட்டார் சூடாகி நின்றுவிட்டால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொல்லும் வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கையேடு பரணில் இருக்கிறது. சட்னி பாதியில் நிற்கும்போது பரணில் ஏறுவார் யார்? அம்மா அந்த வரியைத் தன் கையெழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி மிக்ஸியின் பக்கவாட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். 'நின்னா, ஒயரைப் பிடுங்கு. அஞ்சு நிமிஷம் பொறு. அடில சிவப்பை அமுக்கு.' நிபந்தனை முதலில், பாதுகாப்பு அடுத்து, வேலை கடைசியில், வாக்கியத்துக்கு ஒரு காரியம். விமானக் கம்பெனிக்காரர்கள் திருத்த ஒன்றும் மிச்சமில்லை.