முகூர்த்தத்துக்கு முந்தைய அறை

கல்யாண ஆல்பத்தை யாராவது கையில் கொடுத்தால் நான் தாலி கட்டும் பக்கத்தைத் தேடுவதில்லை. மணமகள் அறையில் எடுத்த படங்கள் இருக்கின்றனவா, இருந்தால் எத்தனை பக்கம் என்றுதான் முதலில் புரட்டுவேன். தாலி கட்டும் கணம் எப்போது வருகிறது என்பதைக் கெட்டிமேளம் மண்டபத்துக்கே சொல்லிவிடும். அதை எந்தக் கேமராக்காரரும் தவறவிட மாட்டார். அலங்கார அறையில் அப்படிச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஏழெட்டுப் பெண்கள், ஒரே நேரத்தில் நாலு வேலை. எது படம், எது வெறும் பரபரப்பு என்று எடுப்பவரே கண்டுகொள்ள வேண்டும். ஒரு புகைப்படக் கலைஞரின் கண் எவ்வளவு தேர்ந்தது என்பதை அந்தச் சில பக்கங்களே காட்டிவிடுகின்றன.

நிற்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுக்கும் இந்த வகைப் படத்துக்குத் தமிழ்நாட்டில் 'கேண்டிட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பேசும்போதே ட்ரெடிஷனலுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர் என்று பிரித்துப் பேசுகிறார்கள். மேடையில் உறவினர்களை வரிசையாக நிற்க வைத்து எடுப்பவரை நான் குறைவாக எண்ணுவதில்லை. தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த சித்தப்பாவின் முகம் ஆல்பத்தில் இருப்பது அவரால்தான். நிமிர்ந்து நின்று எடுத்துக்கொள்ளும் படத்துக்கு நம்மிடம் நீண்ட, அழகான மரபும் உண்டு. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் முயற்சியால் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்கள் திரட்டப்பட்டு எண்ணிம வடிவில் காக்கப்பட்டு வருகின்றன. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் பூ ஜடை தைத்த பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்தி, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். மணிக்கணக்கில் தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த அத்தைமாரின் உழைப்புக்குச் செய்த மரியாதை அது. ஆனால் தைத்த கைகள் படத்தில் வராது. அந்தக் கைகளைப் படத்துக்குள் கொண்டுவந்ததுதான் கேண்டிட் செய்த பெரிய காரியம் என்பேன்.

இந்தப் பார்வை பத்திரிகைப் படக்கலையிலிருந்து வந்தது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா, ஒரு கையில் அடங்கும் அளவில் இருந்ததால், படமெடுப்பவர் கூட்டத்துக்குள் கரைந்துபோக முடிந்தது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அதைக் கொண்டு ஒரு அறமே வகுத்தார்: நிற்கச் சொல்லாதே, திரும்பச் சொல்லாதே, ஃபிளாஷ் அடிக்காதே. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுக்கத் திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரே. அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய மேக்னம் புகைப்படக் குழுவில் பின்னர் சேர்ந்த ஈவ் ஆர்னால்ட், 1959இல் நடிகை ஜோன் க்ராஃபோர்ட் ஒப்பனை செய்துகொள்வதைப் பக்கத்திலிருந்தே எடுத்தார். திரையில் குறையில்லாமல் தெரியும் ஒரு முகத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை அந்தப் படங்கள் சொன்னன. அவற்றில் ஏளனம் துளியும் இல்லை. அலங்கார அறைக்குள் கேமராவோடு போகிற எவரும் பார்க்க வேண்டிய படங்கள் அவை. அமெரிக்காவில் டெனிஸ் ரெஜி போன்ற புகைப்படக் கலைஞர்கள் இந்த முறையைத் திருமணத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1996இல், அதிபராக இருந்த ஜான் கென்னடியின் மகன் கம்பர்லண்ட் தீவில் மணம் முடித்து வெளியே வந்து மனைவியின் கையை முத்தமிட்டபோது ரெஜி எடுத்த படம் உலகெங்கும் அச்சாகி, கல்யாணப் படம் இப்படியும் இருக்கலாம் என்று பலருக்குக் காட்டியது.

மேல்நாட்டுப் படங்களில் மணப்பெண் பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கல்யாணம் மதியத்துக்கு மேல். காலை வெளிச்சம் மெல்லிய திரை வழியாக வந்து கன்னத்தில் விழும். நம் ஊரில் ஆறு மணிக்கு முகூர்த்தம் என்றால் பெண் மூன்று மணிக்கே நாற்காலியில் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. உள்ளே 6500 கெல்வின் ட்யூப்லைட்டின் நீலமும், கண்ணாடியைச் சுற்றியுள்ள மஞ்சள் பல்புகளும், மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கொண்டுவந்த ரிங் லைட்டும் ஒரே முகத்தில் மூன்று நிறமாக விழும். போதாக்குறைக்கு மண்டபத்துச் சுவரில் பச்சையோ ரோஸோ பெயின்ட். அதன் சாயலும் கழுத்தில் ஏறும். எல்.இ.டி. விளக்குகளில் பல, நம் மின்சாரத்தின் போக்கில் வினாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. சத்தம் வரக்கூடாதென்று கேமராவை எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டு வேகத்தைக் கூட்டினால் படமெங்கும் கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்; ஆனால் அந்த வேகத்தில் வளையல் அணியும் கை கலங்கிவிடும்.

இத்தனை இடைஞ்சலுக்கு நடுவில் நல்ல படம் எடுப்பவரைப் பார்ப்பதே ஒரு கல்வி. அவர் முதலில் கேமராவை எடுப்பதில்லை. மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் கேட்டு ட்யூப்லைட்டை அணைக்கிறார். மிஞ்சுவது ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும். அறையின் பாதி இருட்டுக்குள் போகிறது, முகம் எழுந்து வருகிறது. பிறகு சுவரோடு ஒட்டி நின்றுவிடுகிறார். கையில் 35 மி.மீ. லென்ஸ். அதைவிட அகலமானது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை இழுத்துவிடும், 85 மி.மீ. போட்டால் பின்வாங்க இடமில்லை. அரை மணி நேரத்தில் அறை அவரை மறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிடைப்பவைதான் படங்கள்.

நான் மிகவும் ரசிப்பது அந்தப் படங்களில் வரும் கைகளை. நெத்திச்சுட்டியை வகிட்டில் நேராக வைக்க ஒரு கை, மாட்டலைக் காதுக்குப் பின் கொக்கியில் கோக்க இன்னொரு கை, ஒட்டியாணத்தின் திருகைத் தேடி இடுப்பருகே குனிந்திருக்கும் பெரியம்மாவின் தலை, உதடுகளில் மூன்று ஊக்குகளைக் கவ்வியபடி கொசுவம் பிடிக்கும் அக்கா. ஒரு ஆல்பத்தில் பார்த்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணாடியில் பெண்ணின் முகம் பிரதிபலிக்கிறது. மை தீட்டுவதற்காக மேலே பார்க்கும் கண்கள். கண்ணாடிக்கு வெளியே, படத்தின் ஓரத்தில், பாட்டி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மீந்த மல்லிகையைச் சரமாகத் தொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெண்ணைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு வேலை இருக்கிறது. பாட்டியைச் சட்டகத்துக்குள் விட்டதற்காகவே அந்தக் கலைஞரின் மற்ற படங்களையும் தேடிப் போய்ப் பார்த்தேன்.

பட்டுப்புடவையை முந்தின நாளே மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் கொண்டுவரும் 'ப்ரீ ப்ளீட்டிங்' இப்போது தனித் தொழிலாகிவிட்டது. பெண்ணுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு பேர் தரையில் மண்டியிட்டுக் கொசுவத்தை இழுத்து நேராக்கும் காட்சி அறையிலிருந்து மெல்ல மறைகிறது. ஐயர் வீடுகளில் ஒன்பது கஜம் மடிசார் கட்டிவிடத் தெரிந்த மூத்த பெண்கள் குறைந்துவருகிறார்கள். கொங்குப் பக்கத்தில், நாஞ்சில் நாட்டில், செட்டிநாட்டில் என்று நகை பூட்டும் முறையும் பூ வைக்கும் முறையும் வீட்டுக்கு வீடு வேறுபடும். இவற்றை ஆவணமாக்க யாரும் கிளம்பிப் போவதில்லை. கல்யாண ஆல்பம் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆல்பங்களில் அது இரண்டு படங்களோடு முடிந்துவிடுகிறது: வாட்ச் கட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய கை அது. வேட்டியே சரியாகக் கட்டத் தெரியாத பையனுக்குத் தாய்மாமன் பஞ்சகச்சம் கட்டிவிடுவதும், அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நம் ஊர்ப் படம். ஆண்கள் ஒருவரையொருவர் அக்கறையோடு தொடும் அபூர்வமான தருணம் அது.

இந்தக் கலையைக் கெடுப்பது எது என்று கேட்டால், "இன்னொரு தடவை பண்ணுங்க" என்ற வாக்கியம். ஜிமிக்கியை ஏற்கெனவே மாட்டியாயிற்று. கழற்றி, திரும்ப மாட்டி, ஓரக்கண்ணால் சிரிக்கச் சொல்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டு நெற்றியில் முத்தமிடச் சொல்கிறார்கள். அம்மாவும் செய்கிறாள். ஆனால் அவள் தானாகச் செய்வது வேறாக இருக்கும்: சாப்பிட்டாயா என்று கேட்டு, இட்லியை விண்டு, உதட்டுச் சாயம் கலையாமல் வாயில் வைப்பாள். காத்திருந்தால் அது கிடைத்திருக்கும். சொல்லி வாங்கிய முத்தத்தைவிட அந்த இட்லித் துண்டு ஆயிரம் மடங்கு மேல்.

அறையை ஒழுங்கு செய்வதிலும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, காபி டம்ளர்கள், திறந்து கிடக்கும் சூட்கேஸ், சார்ஜரில் தொங்கும் போன் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் சிலர் எடுக்கிறார்கள். அப்படி எடுத்த படம் எந்த ஊரிலும், எந்த வருஷத்திலும் எடுத்ததாக இருக்கலாம். முப்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் விரலை வைத்துக் காட்டப்போவது அந்த நாற்காலியையும் போனையும்தான்.

எதை எடுக்கக் கூடாது என்பதும் இந்தக் கலையின் பாதி. புடவை மாற்றும் நேரத்தில் சொல்லாமலே வெளியே போய் நிற்பவர், அழுத முகத்தை எடுத்தாலும் அதை அந்தப் பெண்ணிடம் மட்டும் கொடுப்பவர், இவர்களை நம்பித்தான் அந்தக் கதவு திறக்கிறது. பெண் புகைப்படக் கலைஞர்கள் இந்தத் துறைக்கு நிறைய வந்தபின் அந்தக் கதவு இன்னும் சற்று அகலமாகத் திறந்திருக்கிறது. முன்பு யாரும் பார்க்காத படங்கள் இப்போது வருகின்றன.

கல்யாணத்துக்கு ஆள் பார்க்கும்போது, இன்ஸ்டாகிராமில் போட்ட பத்துப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒரே கல்யாணத்தின் அலங்கார அறைப் படங்களை முதலிலிருந்து கடைசி வரை காட்டச் சொல்லுங்கள். அதில் பெண்ணைத் தவிர வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அலங்காரத்தை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கச் சொல்லுங்கள். அவசரம் குறைந்தால்தான் அந்த அறையில் இருப்பவர்கள் அவரவராக இருப்பார்கள். எடுத்த படங்களில் இருபதையாவது தாளில் அச்சிட்டு வையுங்கள்.