ஜாடிக்குள் அடைபட்ட கோபம்

ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடற்கரைகளில் செல்கி கதை பல வடிவங்களில் கிடக்கிறது. சாராம்சம் இதுதான். சீல் தோலைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணாகிக் கரையேறுகிறாள் ஒருத்தி. ஒளிந்திருந்து பார்க்கிற ஆண் தோலைத் திருடிக்கொள்கிறான். தோல் இல்லாமல் கடலுக்குத் திரும்ப முடியாது. வேறு வழியின்றி அவனுக்குப் பெண்டாட்டியாகிறாள், பிள்ளை பெறுகிறாள். ஒளித்துவைத்த தோல் என்றோ ஒருநாள் அகப்படுகிறது. அன்றே போய்விடுகிறாள். பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள்.

இது காதல் கதை அல்ல. குடும்பம் என்பது ஒரு திருட்டின்மேல் எழுப்பப்பட்டது என்று சொல்கிற கதை. குடும்பத்தோடு பார்க்கிற படத்துக்குள் இதை எப்படிக் கொண்டுவருவது? கில்கென்னியின் கார்ட்டூன் சலூனுக்காக டாம் மூர் 2014இல் இயக்கிய 'சாங் ஆஃப் த ஸீ' இந்தச் சிக்கலை எதிர்கொள்கிறது. எதிர்கொண்டு நழுவவும் செய்கிறது.

படத்தில் கலங்கரை விளக்கக் காவலன் கானர் யார் தோலையும் திருடவில்லை. செல்கியான ப்ரோனாவும் அவனும் மனமொத்து வாழ்கிறார்கள். மகளைப் பெற்ற இரவில் அவள் கடலுக்குப் போகவேண்டியதாகிறது. ஆதிக் குற்றம் சத்தமில்லாமல் துடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் துடைத்தது போய்விடுமா என்ன? ஆறு வயதாகியும் பேசாத மகள் சீர்ஷாவின் தோலைப் பெட்டியில் ஒளித்துவைத்திருப்பவன் அதே கானர்தான். அவள் அதை அணிந்து கடலில் நீந்தியது தெரிந்ததும் பெட்டியைப் பூட்டிக் கடலில் வீசுகிறான். மனைவியிடம் நடந்திருக்க வேண்டிய திருட்டு மகளிடம் நடக்கிறது, 'அக்கறை' என்கிற பெயரில். இயக்குநர் மறைத்ததைப் பிரதி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆந்தைச் சூனியக்காரி மாஹாவும் அப்படித்தான். மகன் மக் லிரின் துக்கம் தாளாமல் அவனைக் கல்லாக்கியவள். உணர்ச்சிகளை உறிஞ்சி ஜாடிகளில் அடைத்துவைப்பவள். ஜாடிகள் உடைய வேண்டும், அழவேண்டியதை அழத்தான் வேண்டும் என்கிறது படம். சரிதான். ஆனால் இங்கே வன்முறை செய்கிற எல்லாரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆசையினால் செய்பவர் ஒருவருமில்லை. துக்கத்தின் ஜாடிகளை உடைக்கிற படம், சிறைப்பட்ட பெண்ணின் கோபத்தை மட்டும் வேறொரு ஜாடியில் போட்டு மூடி வைத்திருக்கிறது.

முடிவைப் பாருங்கள். சீர்ஷா பாட, கல்லானவை எல்லாம் உயிர்பெற்றுக் கடல் கடந்து போகின்றன. பாதி மனுஷி என்பதால் அவள் தங்கலாம்; ஆனால் தோலை அம்மா கழற்றி எடுத்துப் போகிறாள். சீர்ஷா என்கிற ஐரிஷ் சொல்லுக்குச் சுதந்திரம் என்று பொருள். சுதந்திரம் தோலை இழந்து வீட்டுக்கு வருகிறது! அதுவே சுபமாம்.

இதை வைத்துப் படத்தைத் தள்ளிவிட முடியாது. கெர்ரி கடற்கரையில் கொல்லப்பட்டுக் கிடந்த சீல்களைக் கண்டதிலிருந்துதான் இப்படம் முளைத்ததாக மூர் சொல்லியிருக்கிறார். கதைகளில் நம்பிக்கை இருந்தவரை சீலைக் கொல்லக் கை கூசியது. கதை போனதும் கை துணிந்தது. அந்த இழப்பின் வலி ஒவ்வொரு சட்டகத்திலும் இருக்கிறது. போன அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்து சமாதானம் சொல்லவும் இல்லை. குழந்தைகளுக்கான படத்தில் இது சாதாரணக் காரியமில்லை.

ஆனாலும் கதையைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? கடலோரப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் திருட்டை மறைக்காமல்தான் சொன்னார்கள். பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள். தாங்காதது குடும்பப் படம் என்கிற வடிவம்தான்.