'இணையம் இல்லை' என்று கணிப்பொறி சொன்னால்...

விண்டோஸ் கணிப்பொறித் திரையின் வலப்புறக் கீழ் மூலையில் சிறு உருண்டைச் சின்னம் தோன்றி, 'இணையம் இல்லை' என்ற வாசகம் எழுவதைப் பலரும் கண்டிருப்பர். கண்டவுடன் என்ன செய்கிறோம்? ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். பிறகு இணைப்பு தரும் நிறுவனத்தை அழைக்கிறோம். அதற்கும் மசியாவிட்டால் புதிய ரூட்டர் வாங்கவும் துணிகிறோம். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாளாக இருந்துவிட்டால் வீட்டின் பதற்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசகம் எந்தச் சோதனையின் முடிவு, அதை எவ்வளவு நம்பலாம் என்று வினவுவோர் சிலரே.

2007-ஆம் ஆண்டில் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, கணிப்பொறி ஒரு வலையமைப்பில் சேர்ந்தவுடன் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் குறிப்பிட்ட முகவரி ஒன்றுக்குத் தூது அனுப்பிப் பார்க்கிறது. 2016-க்குப் பிந்திய பதிப்புகளில் அங்கிருந்து வர வேண்டிய விடை 'மைக்ரோசாப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்னும் மூன்றே ஆங்கிலச் சொற்கள். இடைவெளி உட்பட 22 எழுத்திடங்கள். அத்துடன் வேறொரு பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டு, 131.107.255.255 என்ற விடை வருகிறதா என்றும் ஒப்பிடும். போய்வரும் செய்திகளைக் கவனிக்கும் துணை முறையும் உண்டெனினும், முதன்மையானது இதுவே. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் ஆப்பிள் கருவிகளும் இவ்வாறே தூது விடுகின்றன.

இச்சோதனையின் சிக்கனம் பாராட்டத்தக்கது. ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களின் வைஃபையில் முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கம் வழிமறிக்கும் அல்லவா? எதிர்பார்த்த மூன்று சொற்களுக்குப் பதிலாக வேறு பக்கம் வந்தால், வாயிலில் காவலன் நிற்கிறான் என்று கணிப்பொறி ஊகித்துக்கொள்கிறது. அவ்வாறு வழிமறிக்க இயல வேண்டும் என்பதற்காகவே இத்தூது மறைகுறியாக்கம் இன்றி, திறந்த மடலாகச் செல்கிறது.

குறை தொடங்குவது முடிவு எடுக்கும் இடத்தில். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி விடை வராததால் ஊரே காலி என்று முரசறைவது போன்றதாகிவிடுகிறது கணிப்பொறியின் செயல். விளம்பரங்களைத் தடுக்கும் கருவி அந்த ஒரு பெயரையும் சேர்த்துத் தடுத்துவிட்டால் போதும். மற்ற தளங்கள் யாவும் திறக்கும், உருண்டை மட்டும் 'இல்லை' என்னும்.

இது வெறும் சின்னத்தோடு நின்றால் சிரித்துவிட்டு விடலாம். 2020 பிப்ரவரி இறுதியில் வந்த ஒரு விண்டோஸ் 10 மேம்படுத்தலால், பிராக்சி எனப்படும் இடைநிலைக் கணிப்பொறி வழியாக, குறிப்பாக வி.பி.என். துணையுடன், இணைந்த கணிப்பொறிகளில் இந்தச் சின்னம் பிழையாகக் காட்டக்கூடும் என்று மார்ச் 26 அன்று மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. அவற்றில் டீம்ஸ், அவுட்லுக் போன்ற மென்பொருள்களும் இணையத்தை எட்ட முடியாமல் திணறக்கூடும் என்றது. இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியது அதற்கு முந்தைய நாள்! உலகெங்கும் அலுவலகங்கள் வீட்டுக்குள் குடிபுகுந்த வாரம் அது. திருத்தம் மார்ச் 30 அன்று வெளிவந்தது.

நேர்மாறான பிழையும் உண்டு. மேசைக் கணிப்பொறியின் உள்ளே நாணய வடிவ மின்கலம் ஒன்று, மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓட்டுகிறது. அது தீர்ந்துபோனால், கணிப்பொறியைப் போடும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடக்கூடும். வங்கி, பல்கலைக்கழகம் முதலியவற்றின் தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி உண்டு. 2010-இல் வாழ்வதாக எண்ணியிருக்கும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. ஆகவே தளத்தைத் திறக்க அது தயங்கும். முன்சொன்ன தூதோ திறந்த மடல். அதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. எனவே உருண்டை 'இணையம் உண்டு' என்று சாதிக்க, வேண்டிய தளம் எதுவும் திறக்காது. எத்தனை ரூட்டர் மாற்றினும் இது தீராது. பெரும்பாலும் சி.ஆர். 2032 வகை மின்கலம் ஒன்றை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீரும்.

இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒரு மாணவன் காட்சிப்பதிவு அட்டவணையை விட்டுவிட்டு, 'முடிவு' என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதினால் எந்த ஆசிரியர் மதிப்பெண் தருவார்? இச்சின்னம் செய்வது அதுவே. எதைக் கேட்டது, எது விடை தந்தது என்பன கணிப்பொறிக்குத் தெரியும், நமக்குக் காட்டுவதில்லை. விண்டோஸ் 7, 10 ஆகியவற்றில் உள்ள சிக்கல் தீர்க்கும் கருவி, 'டி.என்.எஸ். சேவையகம் விடையளிக்கவில்லை' என ஒரு வரி கூடச் சொல்லும். தளத்தின் பெயரைத் தந்தால் எண் முகவரியைத் தரும் விலாசப் புத்தகமே டி.என்.எஸ். ஆனால் புத்தகம் பழுதா, அதற்குச் செல்லும் பாதை அறுந்ததா? தெருவில் கண்ணாடி இழை வெட்டுப்பட்டாலும் இதே வாசகம் வரக்கூடும்.

அந்த அட்டவணையை நாமே போட்டுக்கொள்ளலாம். கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கணிப்பொறியின் முகவரி தெரியும். அது 169.254 எனத் தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணிப்பொறி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். பழுது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல முகவரி இருந்தால் அடுத்தது 'பிங்'. முரண்டு பிடித்த வலையமைப்பு ஒன்றை ஆராய, அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்பார் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியை ஒட்டிய பெயர். முதலில் ரூட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), பிறகு கூகுளின் 8.8.8.8-க்கும், இறுதியில் ஒரு தளத்தின் பெயருக்கும் பிங் அனுப்புக. எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு எண்ணே கிடைக்காவிட்டால் கோளாறு விலாசப் புத்தகத்தில். சில கருவிகள் பிங்குக்கு விடையளிக்காதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே விடை வராததை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது.

இவற்றைத் தாளில் குறித்த பின்னரே ரூட்டரை அணைக்க வேண்டும். அணைத்துப் போட்டால் அதன் நினைவகம் துடைக்கப்படும், முகவரி புதிதாகப் பெறப்படும், இணைப்பு மீண்டும் பேசி அமைக்கப்படும். இவற்றுள் எது நோயைத் தீர்த்தது என்பது குறிப்பு இல்லாமல் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மீண்டும் இருட்டில்தான் தேட வேண்டும்.

ரூட்டர் விடை தந்து, 8.8.8.8-உம் பெயரும் மௌனம் சாதித்தால், கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் இழை வழியே ஒளி வந்து சேரவில்லை. கணிப்பொறியை விட்டுவிட்டு, இந்த ஒரு செய்தியை மட்டும் இணைப்பு நிறுவனத்துக்குச் சொன்னால் போதும்.