பாரம் தாங்கும் தூண்

ஒரு நாவல் படமாகும்போது மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா என்று கேட்பது நம்மிடையே சடங்காகிவிட்டது. 2022லும் 2023லும் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்தச் சம்பவம் இடம் மாறியது என்ற கணக்கெடுப்பையே பலர் விமர்சனம் என்று நினைத்தார்கள். கேள்வி தவறல்ல. எதற்கு விசுவாசம் என்று கேட்காமல் விடுவதுதான் கோளாறு.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வை (1897) எடுத்துக்கொள்வோம். 1922இல் முர்னாவ் அனுமதி பெறாமல், பெயர்களை மாற்றி, ‘நாஸ்ஃபெராட்டு’ எடுத்தார். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். பிரதிகளை அழிக்கும்படி 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் தப்பின. சூரிய ஒளி பட்டால் ரத்தக் காட்டேரி அழியும் என்பது அந்தப் படம் செய்த கற்பனை. நாவலில் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான். கடைசியில் அவனைக் கொல்வது ஹார்க்கரின் குக்ரியும் மாரிஸின் கத்தியும். 1931இல் ஹாலிவுட் நாடக மேடை வழியாக நாவலுக்கு வந்தது. ஹார்க்கருக்குப் பதில் ரென்ஃபீல்டை டிரான்சில்வேனியாவுக்கு அனுப்பியது. 1967இல் லாகூரில் எடுத்த ‘ஜிந்தா லாஷ்’, சாகாவரம் தேடி மருந்து குடித்த விஞ்ஞானியைக் காட்டேரியாக்கியது. இந்த மாற்றங்கள் எதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

விசுவாசம் என்பதை யோசிக்கும்போது நான் வசிக்கும் முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்ரா ஞாபகம் வருகிறது. தென்னாட்டின் பழைய வீடுகளை அந்தந்த ஊரில் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண் அதே தூண். கதவு அதே கதவு. அந்த வீட்டில் இன்று யாரும் பிறப்பதுமில்லை, சாவதுமில்லை. அருங்காட்சியகத்துக்கு அது குறையல்ல. ஆனால் படத்தில் யாராவது குடியிருந்தாக வேண்டும். அதற்காகச் சுவரை இடிக்கலாம், ஜன்னலை மாற்றலாம். பாரம் தாங்கும் தூண் எது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

‘டிராகுலா’வில் அந்தத் தூண் காகிதம். ஹார்க்கரின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, டாக்டர் செவார்டின் ஒலிப்பதிவு உருளைகள், கடிதங்கள், கப்பலின் பதிவேடு, பத்திரிகைத் துணுக்குகள் - இவற்றாலேயே நாவல் ஆகியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தெரியும். யாருக்கும் முழுக்கத் தெரியாது. பயம் பிறப்பது இந்த இடைவெளியில். பிரபுவுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் சேகரித்து, தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்குகிறவள் மினா. அதைப் படித்த பிறகுதான் தாங்கள் எதை எதிர்த்து நிற்கிறோம் என்பது அந்த ஆண்களுக்கு விளங்குகிறது. பிரபுவுக்கும் இது தெரியும். அகப்பட்ட கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போடுகிறான். பெட்டகத்தில் இருந்த நகல் தப்புகிறது.

திரையில் இந்தத் தூணை முதலில் அகற்றுகிறார்கள். பிரபுவுக்கு முகமும் மேலங்கியும் கிடைக்கின்றன. மினாவுக்கு மிஞ்சுவது கழுத்து. அவள் செய்த வேலை பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் சர்வஞானமாக மாறிவிடுகிறது. 1992இல் கப்போலா, ஸ்டோக்கரின் பெயரைத் தலைப்பிலேயே சூடிக்கொண்டு, நாட்குறிப்பையும் குக்ரியையும் மாரிஸையும் மீட்டார். சம்பவக் கணக்கில் மதிப்பெண் அவருக்கே. ஆனால் மினாவைப் பிரபுவின் இறந்துபோன மனைவியின் மறுபிறவியாக்கி, நாவலில் இல்லாத காதலை அவள்மேல் சுமத்தினார். எழுதுகிறவள் காதலிக்கப்படுகிறவளாகச் சுருங்கினாள். லாகூர்ப் படத்தின் துணிச்சலான மாற்றங்களைவிட இது பெரிய துரோகம் என்பேன்.

ஒரு பெண் இரவெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருப்பதிலிருந்து பயத்தை உண்டாக்கத் தெரிந்த இயக்குநர் வரும்வரை இந்த நாவல் படமாகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கதையில் பாதியை மாற்றினாலும் எனக்குச் சம்மதம்.