ஆய்வேட்டுக்கு முன் நிற்கும் மதிப்பெண் சுவர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மொழியியலில் இளநிலைப் பட்டம் பெறுவோரில் சிலருக்கு மட்டும் ‘துறை ஆனர்ஸ்’ என்ற சிறப்பு கிடைக்கிறது. நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறினாலும் பெரும்பாலும் சாரம் ஒன்றுதான். ஜி.பி.ஏ. என்னும் சராசரி மதிப்பெண் புள்ளி 4க்கு 3.3, 3.5 என்று ஒரு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் நெறியாளராக இசைய வேண்டும். இறுதியாண்டில் எழுதும் ஆய்வேட்டைத் துறை ஏற்க வேண்டும். மதிப்பெண் வரம்பு எதற்கு என்று கேட்டால், தரத்தைக் காக்க என்கிறார்கள். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளநிலைச் சட்டகமும் இதே வழியில் போயிற்று: முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர்களே நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வரம்பு தரத்தைக் காக்கவில்லை என்பது என் நெடுநாளைய கருத்து.

ஆய்வேடு அருமையான ஏற்பாடு. இருபது, இருபத்தொரு வயதில் ஒரு கேள்வியோடு ஓராண்டு வாழ்வதும், ஒவ்வொரு வாரமும் ஓர் அறிஞர் எதிரே அமர்ந்து அதை விளக்குவதும் எந்த வகுப்பும் தராத பயிற்சி. பேராசிரியர்களின் நேரம் குறைவு, கேட்கும் எல்லோருக்கும் நெறியாளர் கிடைக்கமாட்டார் என்பதும் உண்மைதான். சிலரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே கேள்வி.

மொழியியல் வகுப்பில் மதிப்பெண் எப்படி வருகிறது? பெரும்பாலும் தரவுக் கணக்குகளால். துருக்கி மொழியில் ‘எவ்’ (வீடு) பன்மையில் ‘எவ்லெர்’ ஆகிறது. ‘கிதாப்’ (புத்தகம்) ‘கிதாப்லார்’ ஆகிறது. இப்படி இருபது சொற்களைத் தந்து விதியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அந்தத் தரவை ஆசிரியர் முன்பே சலித்து வைத்திருக்கிறார். விடை உண்டு என்பது மாணவருக்குத் தெரியும். ஆய்வேட்டில் அந்த உறுதி இல்லை. ஒரே வாக்கியத்தை அந்த மொழி பேசும் ஒருவர் சரி என்பார், அவர் தம்பி தவறு என்பார். கேள்வியையே மாணவர்தான் தேட வேண்டும். விடை உள்ள கணக்கை விரைவாக முடிப்பவர், விடை தெரியாத இடத்தில் பொறுமையாக நிற்பார் என்று எந்த மதிப்பெண்ணும் உறுதி சொல்லாது.

பல துறைகள் மொழியியல் பாடங்களின் புள்ளியோடு பட்டப்படிப்பு முழுமைக்குமான புள்ளியையும் பார்க்கின்றன. அநீதி இங்கே கூடுகிறது. மொழியியல் பள்ளியில் அநேகமாகக் கற்பிக்கப்படாத பாடம். கணிதத்திலிருந்தும் உயிரியலிலிருந்தும் இரண்டாம் ஆண்டில் வழிமாறி வருவோர் பலர். முதலாண்டு வேதியியலில் சறுக்கிய ஒருவர் மொழி ஒன்றின் வினைமுற்றை ஆராயக் கூடாது என்பதற்கு என்ன நியாயம்? வரம்பின் அச்சம் மாணவரைக் கடினமான பாடங்களிலிருந்து விலக்குகிறது. தர்க்கவியலையோ களப்பணி முறைகளையோ எடுத்துப் புள்ளியை இழப்பதைவிட எளிய பாடமே பாதுகாப்பு என்று அவர் கணக்குப் போடுவார். ஆராய்ச்சிக்கு எதிரான மனநிலையை ஆராய்ச்சிக்கான நிபந்தனையே வளர்க்கிறது.

இந்த எண்களாவது நம்பத்தக்கவையா? 2001இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர்களில் சுமார் 91 விழுக்காட்டினர் பல்கலைக்கழக அளவிலான ஏதோ ஒரு சிறப்புத் தகுதியுடன் வெளியேறினார்கள். அது பெரும் சர்ச்சையாகி, பின்னர் உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. 2013இல் அங்கே இடைநிலை மதிப்பெண் ‘ஏ மைனஸ்’ என்பது வெளியே வந்தது. எண்கள் இப்படி உச்சியில் நெருக்கியடிக்கும்போது 3.48க்கும் 3.5க்கும் இடையே அறிவின் வேறுபாட்டைத் தேடுவது வீண்.

இளநிலை ஆய்வேட்டின் பெருமைக்கு மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியைக் காட்டுவது எளிது. தற்கால எபிரேயத்தின் உருபொலியனியல் பற்றிய அவருடைய ஆய்வு, 1949இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எழுதிய இளநிலை ஆய்வேடாகத்தான் தொடங்கியது. 1951இல் அதுவே விரிந்து முதுநிலை ஆய்வேடானது. ஆனால் அதன் பின்னணி வரம்புக்குச் சாட்சி சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பில் சலித்து, விட்டுவிடலாமா என்ற எண்ணத்தில் இருந்தவர் அவர். ஜெல்லிக் ஹாரிஸ் என்ற ஆசிரியர் அவரைத் தம் ஆய்வு வகுப்புகளுக்குள் இழுத்தார். தத்துவத்திலும் கணிதத்திலும் முதுநிலைப் பாடங்களைப் படிக்க அனுப்பினார். அவரை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தது ஓர் ஆசிரியரின் நம்பிக்கை.

மாற்றுவழி கடினமல்ல. இரண்டு பக்க முன்மொழிவைக் கேளுங்கள். பத்து நிமிடத் தரவைக் கொண்டுவந்து விளக்கச் சொல்லுங்கள். நெறியாளர் முடிவு செய்யட்டும். கண்டிப்பைக் கடைசிக்கு வையுங்கள்: அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி 1922 முதல் நடத்திவரும் ஆனர்ஸ் திட்டத்தில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களே மாணவரை மதிப்பிடுகிறார்கள். தரத்தைக் காப்பது என்றால் அதுதான். எழுதிய ஆய்வேட்டைப் படித்து மறுக்கத் துறைக்கு எல்லா உரிமையும் உண்டு. எழுதாத ஆய்வேட்டை மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மறுக்க உரிமையில்லை. மொழியியல் துறைகள் இந்த வரம்பை நீக்க வேண்டும். மானியக் குழுவும் தன் 75 விழுக்காட்டைத் திரும்பப் பெற வேண்டும்.