சட்டமும் களத்துமேடும்

இலக்கியம் உலகை மாற்றுமா என்று ஐயுறுவோருக்கு நாம் 'தி ஜங்கிள்' நாவலைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். சிக்காகோ இறைச்சி ஆலைகளில் உழன்ற லிதுவேனியக் குடியேற்றத் தொழிலாளரின் துயரை அப்டன் சிங்கிளேயர் அதில் எழுதினார். 1906 பெப்ரவரியில் நூல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் முடிவதற்குள் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறிவிட்டது.

இவ்வெற்றியில் ஒரு தோல்வியும் அடங்கியிருக்கிறது. ஆசிரியர் காட்ட விரும்பியது தொழிலாளியின் வாழ்வை. வாசகர் கண்டதோ தம் தட்டிலிருந்த இறைச்சியை! உண்பவனைக் காக்கும் சட்டம் நான்கு மாதங்களில் வந்தது. உழைப்பவன் சங்கம் அமைக்கும் உரிமையை நாடு முழுவதும் உறுதிசெய்யும் சட்டத்துக்கோ 1935 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிலும் வயற்கூலிகளுக்கு இடமில்லை. யாருடைய துயரைச் சமூகம் தன் துயராகக் காண்கிறதோ, அவர்களையே சீர்திருத்தம் முதலில் சென்றடைகிறது என்பது இதனால் தெளிவாகும்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள நமக்கு இது அயல்நாட்டுக் கதையன்று. அமெரிக்கச் சீர்திருத்தத்தின் ஒரு வடிவம் நம் அயலுக்கே வந்தது. 1933 இல் அமைந்த தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலை அணையைக் கட்டியதும் ஓர் அமெரிக்க நிறுவனமே. நீர் பெருகியது; வயல் விரிந்தது. ஆயினும் மாதிரியோடு அதன் குறையும் உடன் வந்ததோ என எண்ணத் தோன்றுகிறது. தெனசிச் சபை எழுப்பிய நொறிஸ் என்னும் முன்மாதிரி நகரில் கறுப்பின மக்களுக்கு வீடு மறுக்கப்பட்டது. கல்லோயாப் பள்ளத்தாக்கிலோ 1956 ஜூனில் தமிழர் இனவெறிக்குப் பலியாயினர். அணை ஆற்றைத் தடுக்கும். பகைமையைத் தடுக்க அதனால் இயலாது.

1958 இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் இன்னும் ஆழமானது. குத்தகையாக விளைச்சலில் காற்பங்குக்கு மேல் பெறலாகாது என்றது. நீர்ப்பாசன விதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆனால் ஏட்டில் உரிமை பெற்ற உழவர் பலர், நாட்டின் பல பாகங்களிலும், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்; சொந்தப் பொறுப்பில் பயிரிட்டவர் கூலியாள் ஆயினர். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த போடியாரை எதிர்த்துச் சாட்சி சொல்ல, அவரிடமே விதைநெல்லுக்குக் கடன்பட்டவன் எங்ஙனம் துணிவான்?

இக்கேள்வியை எழுப்புவது நீதிமன்றத்தின் வேலை மட்டுமன்று, இலக்கியத்தின் வேலையுமாகும். 1964 இல் பண்டிதர் வி. சீ. கந்தையா அளித்த 'மட்டக்களப்புத் தமிழகம்' நம் மரபுச் செல்வத்தைப் பேணிய அரிய நூல். நீலாவணனின் 'வேளாண்மை', அவர் மறைந்த பின் 1982 இல் அச்சேறி, உழவு வாழ்வைக் காவியமாக உயர்த்தியது. இவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் பாடும் மீனையும் வாவி நிலவையும் பாடிய பேனாக்களோடு ஒப்பிடின், பொலி அளக்கப்படும் வேளையில் களத்துமேட்டில் நிற்பவனின் முகத்தைப் பார்த்த பேனாக்கள் மிகச் சிலவே என்பது எமது துணிபு.

1956 இல் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனை ஆலை வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது. உழவன் அரிந்த தாளே நாம் எழுதும் தாளாயிற்று. அத்தாளில் அவன் கதை எவ்வளவு எழுதப்பட்டது?

சிங்கிளேயரைப் போற்றுவது எளிது. அவருடைய வாசகர் செய்த பிழையை நாமும் செய்யாதிருப்பதே அரிது. சோற்றின் சுவையைப் புகழ்வதோடு நில்லாமல், அதை விளைவித்த கையையும் காட்டும் எழுத்து வேண்டும். அது பிறக்குமாயின், அடுத்து வரும் சீர்திருத்தமேனும் களத்துமேடு வரை வந்து சேரும்.