சந்திரக்கலமும் கண்ணாடிப் பேழையும்

கலைப்படைப்பொன்றின் உருவத்தை அதன் உள்ளடக்கத்தினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பது முற்போக்கு விமர்சனத்தின் பாலபாடம். மேடைகளிலும் ஏடுகளிலும் நாம் இதனைப் பலகாற் கூறிவந்துள்ளோம். ஆயினும், அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட உருவம் ஒன்று பின்னர் என்னவாகின்றது, அது யாருக்குப் பயன்படுகின்றது என்னும் வினாவை நாம் போதிய அளவு ஆராய்ந்தோமில்லை. இவ்வினாவுக்கு விடைகாண்பதற்குக் காவியத்தையோ நாவலையோ தேடிச் செல்லவேண்டியதில்லை. ஒரு பொம்மை போதும்.

சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட உடல். வாழைப்பூவைப்போல் நடு பருத்து நுனி கூம்பிய வடிவம். நிலத்தில் ஊன்றி நிற்க மூன்று கால்கள். பெல்ஜிய நாட்டுச் சித்திரக்காரர் ஏர்ஜே படைத்த டின்டின் கதைகளில் வரும் சந்திர ரொக்கெற்றின் உருவம் இது. கதையை ஒருபோதும் படித்திராதவரும் இவ்வுருவத்தைக் கண்டிருப்பர். இன்று அது உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருளாகவும், மேசைமேல் எழுந்து நிற்கும் பெரும் பொருளாகவும் விற்பனைக்கு வருகின்றது. மெருகிட்ட மரத்திற் செய்தனவும் உண்டு. ரெசின் வார்ப்புக்களும் உண்டு. வரையறுத்த தொகையிற் செய்து, ஒவ்வொன்றிற்கும் இலக்கமிட்டு, சான்றிதழ் இணைத்து விற்பதும் உண்டு. வாங்குவோர் பெரும்பாலும் சிறுவரல்லர், சேகரிப்பாளர். அவர்கள் அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பூட்டுகின்றனர். 2016 நவம்பரிற் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஏலமொன்றில் இக்கதையின் மூலச் சித்திரப் பக்கம் ஒன்று 15 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று என்பதைக் கொண்டு இச்சந்தையின் தன்மையை ஊகிக்கலாம்.

சித்திரக்கதை பற்றி நம்மிடையே இருவகை நோக்குகள் நிலவுகின்றன. அது மாணவரைக் கெடுக்கும் குப்பை என்பது ஒன்று. அதன் கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் வியந்து, கதை என்ன சொல்கிறது என்று கேட்பதே இரசனைக் குறைவு என்று கருதுவது மற்றையது. முதல் நோக்கு நம்மைப் போன்ற ஆசிரியர்களுடையது, இரண்டாவது சேகரிப்பாளருடையது. இரண்டும் எதிரெதிரானவைபோற் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: இரு சாராருமே நூலைப் படிப்பதில்லை. ஆதலின் முதலில் நூலைப் படிப்போம்.

சந்திரப் பயணக் கதை 1950 மார்ச் 30 முதல் 'டின்டின்' வார இதழிற் தொடராக வெளிவந்தது. இடையில் ஏர்ஜேயின் உடல்நலமும் மனநலமும் தளர்ந்தமையால் நெடுநாள் தடைப்பட்டு, 1953 டிசெம்பரில் முடிவுற்றது. நூலுருவில் இரு பாகங்களாக 1953இலும் 1954இலும் வெளியாயிற்று. மனிதன் சந்திரனில் உண்மையாகவே காலடி வைத்தது 1969 யூலையில் என்பதை நினைவிற் கொண்டால், இக்கதையின் அறிவியல் அக்கறை வியப்பூட்டும். மந்திரத்தாலோ ஒரு தனிமனிதனின் கொல்லைப்புறக் கண்டுபிடிப்பாலோ இங்கு ரொக்கெற் எழவில்லை. முதற்பாகம் ஏறக்குறைய முழுவதும் நிலத்திலேயே நிகழ்கின்றது. அணு ஆராய்ச்சி நிலையம், பாதுகாப்புச் சோதனைகள், வரைபடங்கள், ஆளில்லாச் சோதனைக் கலத்தின் ஏவுதல், அதன் இழப்பு, மீண்டும் முயற்சி என உழைப்பின் படிகள் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. கூட்டு உழைப்பின் விளைவே விஞ்ஞானம் என்பதை இத்துணைப் பொறுமையுடன் சிறுவர்க்கு எடுத்துரைத்த கதைகள் மிகச் சிலவே எனலாம்.

எனினும் கலத்தின் உருவம் எங்கிருந்து வந்தது? இங்குதான் அழகு தன் வரலாற்றை வெளிப்படுத்துகின்றது. அது ஹிட்லரின் ஜேர்மனி செய்த வீ-2 என்னும் ஏவுகணையின் உருவம். வீ-2இன் சோதனைக் கலங்களிற் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தீட்டியது அலங்காரத்திற்காக அன்று. எழும் கலம் தன் அச்சில் எவ்வளவு சுழல்கின்றது என்பதைத் தொலைவிலிருந்து கண்டறிவதற்காகவே அவ்வாறு செய்தனர். ஏர்ஜே கறுப்பை அகற்றிச் சிவப்பை இட்டார். அளவைக் குறியாக இருந்தது அழகாயிற்று.

அவ்வேவுகணை யார்மீது விழுந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். 1944 செப்டெம்பரிற் தொடங்கிய வீ-2 தாக்குதலில் லண்டன் மாநகரைக் காட்டிலும் மிகுதியாகத் தாக்குண்டது பெல்ஜியத்தின் துறைமுக நகரான அன்ற்வேர்ப் ஆகும். 1944 டிசெம்பர் 16 அன்று அந்நகரின் 'றெக்ஸ்' திரையரங்கின்மீது விழுந்த ஒரேயொரு கணை 567 பேரைக் கொன்றது. படம் பார்க்கச் சென்ற மக்களும் படைவீரரும் இருக்கைகளிலேயே மாண்டனர். அதனைச் செய்தோர் நிலையும் வேறன்று. ஜேர்மனியின் மிற்றல்பௌ-டோரா சிறைமுகாம் தொகுதியில், மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலையிலும் அதனைச் சூழ்ந்த முகாம்களிலும், சுமார் 60,000 கைதிகள் அடிமைகளாக வேலைவாங்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். விழுந்து கொன்றோர் தொகையினும், செய்யுமிடத்துக் கொன்றோர் தொகை மிகுதியாகிய விசித்திரமான ஆயுதம் அது.

போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்குள், அதே பெல்ஜியத்தின் சித்திரக்காரர் ஒருவர் அவ்வுருவத்தை எடுத்துப் பிள்ளைகளின் கனவாக மாற்றினார். இதனைக் குற்றமென்று உடனே தீர்ப்பிட வேண்டியதில்லை. கொலைக்கருவியைப் பயணக்கருவியாக்கிக் காட்டுவது மனித இனத்தின் நல்லாசைகளுள் ஒன்று. வாளைக் கொழுவாக அடிக்கும் ஆசையே அது. ஆனால் வாளைக் கொழுவாக அடிப்பவன், தான் அடிப்பது வாள் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கதையில் அவ்வறிவு மறைமுகமாகவேனும் இருக்கின்றது. பேரரசு வெறிகொண்ட அயற்சக்தியொன்று கலத்தைத் திருட முயல்கின்றது. பகைவர் கையிற் போய்ச் சேராதிருக்கச் சோதனைக் கலம் வானிலேயே வெடிக்கவைக்கப்படுகின்றது. இந்த விஞ்ஞானம் மீண்டும் ஆயுதமாகக்கூடும் என்ற அச்சம் பக்கந்தோறும் நிழலிடுகின்றது.

கதை மறைத்த ஒன்றையும் கூறவேண்டும். கலம் அணுவாற்றலால் இயங்குவது. அதற்கு வேண்டிய யூரேனியம் சில்டேவியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டின் மலைகளிலேயே கிடைத்ததாகக் கதை கூறுகின்றது. உண்மையான பெல்ஜியத்துக்கு யூரேனியம் எங்கிருந்து கிடைத்தது? அதன் குடியேற்ற நாடாகிய கொங்கோவின் கட்டங்கா மாகாணத்துச் சின்கொலொப்வே சுரங்கத்திலிருந்து. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு வேண்டிய யூரேனியத்தின் பெரும்பகுதி கொங்கோவிலிருந்தே சென்றது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா எரிந்ததற்குப் பின்னால் ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் பெயரற்ற உழைப்பும் இருந்தது. ஏர்ஜே கொங்கோவை அறியாதவரல்லர். 1930-31இல் அவர் வரைந்த கொங்கோக் கதையில் அந்நாட்டு மக்களைக் குழந்தைகளாகவும் மூடராகவும் தீட்டியிருந்தார். இருபதாண்டுகளுக்குப் பின், கொங்கோவின் கனிப்பொருள் உலகின் விதியையே மாற்றிய காலத்தில், கனிப்பொருள் மட்டும் கதைக்குள் வந்தது, மக்களைக் காணோம். முன்னர் இழிவாகத் தீட்டப்பட்டோர் பின்னர் அறவே அழிக்கப்பட்டனர். இவற்றுள் எது கொடியது என்று மாணவர் விவாதிக்கலாம்.

இவ்வாறு கூறுவதால் ஏர்ஜேயை ஒரே சொல்லிற் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிடலாமா? முரண்பாடுகளைக் காணாத விமர்சனம் விமர்சனமாகாது. 1934-35இல் வெளிவந்த 'நீலத் தாமரை'யிற் சீனத்தின்மீதான ஜப்பானிய ஆக்கிரமிப்பை அவர் துணிவுடன் கண்டித்தார். அதே மனிதரே ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது, 1940 முதல் 1944 வரை, ஆக்கிரமிப்பாளரின் பிடியிலிருந்த 'லெ சுவார்' நாளேட்டிற் கதை வரைந்தார். யூதரை இழிவுபடுத்தும் சித்திரங்களையும் அதில் வெளியிட்டார். நாடு விடுதலையடைந்ததும் கைதுசெய்யப்பட்டார். சிலகாலம் தொழில்செய்யத் தடைவிதிக்கப்பட்டது. 1946 செப்டெம்பரில் அவருக்கென வார இதழைத் தொடங்கி மறுவாழ்வளித்தவரோ ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய இயக்கத்தைச் சேர்ந்தவர். இம்முரண்பாடுகளைச் சுமந்துகொண்டே அவர் சந்திரக்கதையை வரைந்தார்.

ஆதலினாற் போலும், அக்கதையின் ஆழமான பாத்திரம் டின்டினன்று, பொறியியலாளன் வொல்ஃப். சூதாட்டக் கடனில் வீழ்ந்து, மிரட்டலுக்குப் பணிந்து, இரகசியங்களை விற்றவன் அவன். நால்வருக்கென அளந்த காற்றை, எதிர்பாராது கலத்துள் அகப்பட்டோரும் சேர்ந்து மூச்சிழுக்கும் நிலை ஏற்படுகின்றது. பூமிக்குத் திரும்புமுன் காற்றுத் தீர்ந்துவிடும் என்பது உறுதியாகின்றது. மற்றவர் உறங்குகையில், ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, வொல்ஃப் கதவைத் திறந்து வெளியேறுகிறான். அவனது மூச்சு மற்றவர்களுக்கு மிஞ்சுகின்றது. தற்கொலையைப் பாவமாகக் கருதும் கத்தோலிக்கச் சூழலின் நெருக்குதலால், தான் உயிர்தப்பவும் கூடும் என்றொரு நம்பிக்கைக் குறிப்பை அவன் கடிதத்திற் சேர்க்க நேர்ந்ததற்காக ஏர்ஜே பின்னாளில் வருந்தினார். ஆக்கிரமிப்புக் காலத்திற் பணிந்துபோன ஒரு மனிதரின் மனச்சாட்சி இப்பாத்திரத்தின் வாயிலாகப் பேசியதென்று கருத இடமுண்டு. அவ்வாறு கருதினும் கருதாவிடினும், அக்கலத்தின் கதவு சாதாரணக் கதவன்று என்பது தெளிவு. அதன் ஒருபுறம் துரோகமும் மறுபுறம் கழுவாயும் நிற்கின்றன.

இனி, மீண்டும் பொம்மைக்கு வருவோம். பேழையுள் நிற்கும் பொம்மைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் திறக்கும் கதவு கிடையாது.

இதனை வெறும் தொழில்நுட்பக் குறையென்று கருதற்க. ஏனெனில், இக்கலத்தின் முதல் மாதிரியுரு திறக்கக்கூடியதாக இருந்தது. 1950இல் ஏர்ஜே தமது சித்திரக்கூடத்தை நிறுவியபின், கலத்தின் உள்ளறைகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்க்கத்தக்க மாதிரியுரு ஒன்று செய்விக்கப்பட்டது. விண்வெளிப் பயண நூலாசிரியரான அலெக்சாந்தர் அனனொஃபிடம் அது காட்டிச் சரிபார்க்கப்பட்டது. பாப் டி மோர் முதலிய உதவிச் சித்திரக்காரர்கள், எந்த அறையில் எந்த மனிதன் நின்றாலும் ஏணியும் சுவரும் பிழையின்றி அமையுமாறு, அதனை நோக்கி வரைந்தனர். அம்மாதிரியுரு ஒரு கருவி. பலர் கைபட்டு, கழற்றிப் பூட்டி, உண்மையைத் தேடப் பயன்பட்ட பொருள். அதன் பெறுமதி அதன் பயனில் இருந்தது.

இன்றைய மாதிரியுருவோ எவர் கையும் படாதிருந்தாலன்றி விலைபோகாது. பெட்டி கிழியாதிருக்க வேண்டும். சான்றிதழ் மடியாதிருக்க வேண்டும். பண்டமானது, மனிதர் தம்முள் கொண்ட உறவுகளை மறைத்து, பொருளுக்கே இயல்பான ஏதோவொரு மகிமைபோல அவற்றைத் தோற்றுவிக்கின்றது என்று கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்தில் விளக்கினார். அவ்விளக்கத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை வகுப்பறையிற் காட்டுதல் அரிது. அன்ற்வேர்ப்பின் இறந்தோரும், டோராவின் அடிமைகளும், சின்கொலொப்வேயின் சுரங்கத் தொழிலாளரும், சித்திரக்கூடத்தின் உதவியாளரும், ஈற்றில் வொல்ஃபும்கூட அவ்வுருவத்தினின்றும் வெளியேற்றப்பட்டுள்ளனர். எஞ்சுவது மினுக்கம். அம்மினுக்கத்துக்கே விலை.

'அழகை விரும்புவது குற்றமா?' என்று கேட்கலாம். குற்றமன்று. அக்கலம் அழகானது என்பதை மறுப்பவன் தன் கண்ணையே மறுப்பவன். உழைக்கும் மக்களுக்கு அழகு வேண்டாமென்று எந்த முற்போக்காளரும் கூறியதில்லை. ஆனால் அழகின் பெயரால் நினைவை அழிப்பதை ஏற்கமுடியாது. அதற்குரிய மருந்து பொம்மையை உடைப்பதோ நூலைத் தடைசெய்வதோ அன்று. அது நூலைப் படிப்பிப்பது. படிப்பிக்கையில் கேள்வி கேட்பது. இந்தக் கட்டங்கள் எதற்காகத் தீட்டப்பட்டன? இந்த யூரேனியம் எந்த மண்ணுக்குரியது? இந்தக் கதவால் வெளியே போனவன் யார்? சித்திரக்கதையை மேசைக்கடியில் ஒளித்து வாசிக்கும் மாணவனிடமிருந்து அதனைப் பறிப்பதினும், இம்மூன்று வினாக்களை அவன் கையிற் கொடுப்பது ஆசிரியருக்குப் பெரும்பணியாகும்.

சேகரிப்பாளன் கலத்தை வாங்கிப் பேழையை மூடுகிறான். வாசகன் நூலைத் திறக்கிறான். விமர்சகன் எவர் பக்கம் நிற்கவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.